இரும்பும் மக்னீசியமும் சொல்லும் விண்மீன் வரலாறு

இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் விளக்குகள் அணைந்திருந்த இரவுகளில், மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு வானியலாளர் வால்டர் பாடே, அண்டை விண்மீன் மண்டலமான ஆந்த்ரோமீடாவின் மையப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படமெடுத்தார். சுருள்கரங்களில் நீல விண்மீன்கள் மேலோங்கியிருக்க, மையத்தில் சிவந்தவையே மிகுந்த ஒளியுடன் தெரிந்தன. 1944இல் அவர் முன்னவற்றை முதல் தொகை என்றும் பின்னவற்றை இரண்டாம் தொகை என்றும் வகுத்தார். இரண்டாம் தொகை என்றால் வயது முதிர்ந்தவை, உலோகம் குறைந்தவை என்ற கருத்து பின்னர் வேரூன்றியது. (ஹீலியத்தைவிடக் கனமான எந்தத் தனிமத்தையும், ஆக்சிஜனைக்கூட, வானியலாளர்கள் உலோகம் என்றே அழைப்பார்கள்.) ஆனால் பாடே கண்ட அந்த மையப்பகுதியின் முதிய விண்மீன்களிலேயே பெரும்பாலானவை உலோகம் நிறைந்தவை. வயதும் உலோகக் குறைவும் ஒன்றல்ல. விண்மீன்களை உருவாக்கும் வாயு எவ்வளவு விரைவாக உலோகங்களால் வளம்பெற்றது என்பதே முக்கியமான கேள்வி.

பெருவெடிப்பு விட்டுச்சென்றது ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம் ஆகியவற்றை மட்டுமே. சூரியனைப் போல் சுமார் 8 மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து, ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் ஏராளமாகச் சிதறடிக்கின்றன. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குறுமீன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்த சிறிய விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களின், வெடிப்பிலிருந்து வருகிறது. வெண்குறுமீன் உருவாகவும், துணை விண்மீனின் தாக்கத்தால் அது வெடிக்கும் நிலையை எட்டவும் பல கோடி ஆண்டுகள் முதல் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வரை ஆகும். ஆகவே, வாயு விரைவாக விண்மீன்களாக மாறிய இடத்தில் இரும்பு வந்து சேருமுன்பே உலோக அளவு உயர்ந்துவிடும். அங்கே பிறந்தவற்றில் இரும்பை ஒப்பிட மக்னீசியம் மிகுந்திருக்கும். நிதானமாக விண்மீன்களை உருவாக்கும் சிறு விண்மீன் மண்டலங்களில், மொத்த உலோகம் குறைவாக இருக்கும்போதே இரும்பு கலந்துவிடுவதால் அந்த விகிதம் தாழ்கிறது.

இதை இன்றும் படிக்க முடிவதற்குக் காரணம், பெரும்பாலான விண்மீன்களில் அணுக்கரு இணைவு உள்ளகத்தை ஒட்டியே நடப்பதால், வெளி அடுக்கின் இரும்பும் மக்னீசியமும் பிறந்த வாயுவில் இருந்த அளவிலேயே ஏறத்தாழ நிலைத்திருப்பதுதான். விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பெறும் நிறமாலையில், தனிமங்கள் ஒளியை உறிஞ்சிய இடங்களில் தெரியும் கருங்கோடுகள் அந்த அளவுகளைக் காட்டுகின்றன.

இந்த முறையின் வலிமை 2018இல் அழகாக வெளிப்பட்டது. விண்மீன்களின் இருப்பிடங்களை அளக்கும் ஐரோப்பிய விண்கலமான கையா அளந்த இயக்கங்களை நிறமாலைத் தரவுகளோடு இணைத்தபோது, பால்வீதியின் வட்டைச் சூழ்ந்த, விண்மீன்கள் அருகிய ஒளிவட்டத்தில் நீண்டு ஒடுங்கிய பாதைகளில் சுற்றும் ஒரு பெருங்கூட்டம் தனித்துத் தெரிந்தது. அதே இரும்பளவு கொண்ட பிற முதிய விண்மீன்களைவிட அவற்றில் மக்னீசியம் குறைவு. அவை இங்கே பிறந்தவையல்ல; ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியுடன் மோதிக் கரைந்த, இன்று கையா-என்செலடஸ் என அழைக்கப்படும் ஒரு சிறு மண்டலத்தின் விண்மீன்கள்.