சந்தோஷத்தில் உடைகிற வால்

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சுவர்தான். நாயின் உயரத்தில், தூரிகையை உதறியதுபோல் சிறு சிறு ரத்தப் புள்ளிகள் வளைவாகத் தெறித்திருக்கும். யாருக்கு அடிபட்டது என்று பதறித் தேடினால், நம்மைக் கண்ட மகிழ்ச்சியில் வாலை ஆட்டிக்கொண்டு நாய் நிற்கும். அதன் வால் நுனியில் அரை செண்டிமீட்டர் வெடிப்பு. அவ்வளவு சின்னக் காயத்திலிருந்தா இவ்வளவு ரத்தம்!

வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. நீண்ட வாலில் ஏறக்குறைய 20 எலும்புகள் கோத்திருக்கும். நுனியை நெருங்க நெருங்க அவை சிறுத்துக்கொண்டே போகும். அடிப்பகுதியில் தசை உண்டு. நுனியிலோ தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மோதலைத் தாங்க எதுவுமே இல்லை. லாப்ரடார், கிரேட் டேன், கிரேஹவுண்ட் போன்ற நாய்களுக்கு நீண்ட முடியின் காப்பும் கிடையாது. ஆட்டும்போது வால் சாட்டையாகிறது: அடிப்பகுதி கொஞ்சம் அசைந்தாலே நுனி பல மடங்கு வேகத்தில் வீசப்பட்டுக் கதவு நிலையில் மோதுகிறது, தோல் பிளக்கிறது. வீச்சின் விசை ரத்தத்தையும் வெளியே சிதறடிக்கிறது.

காயம் ஆற முதலில் ரத்தம் உறைய வேண்டும். பிறகு இளஞ்சிவப்பாகப் புதுத் திசு வளர்ந்து பள்ளத்தை நிரப்பும். அதன் மேல் ஓரங்களிலிருந்து தோல் செல்கள் மெல்ல நகர்ந்து வந்து மூடும். அந்தப் புதுத் திசுவின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மிகவும் மென்மையானவை. ஒரே ஒரு மோதல் போதும், பல நாள் வளர்ச்சி கிழிந்துபோகும். ஆகவே இந்தக் காயத்துக்கு மருந்தைவிட முக்கியமானது மோதலைத் தடுப்பது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் திறந்து பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். கழுவுவதற்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்தால் போதும். உடல் திரவத்தின் உப்பளவும் ஏறக்குறைய அதுதான் என்பதால் செல்கள் சேதமாகாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிய செல்களையும் கொல்லும். நமக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. இபுபுரூஃபென் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும்.

சிக்கல் கட்டுப் போடுவதில்தான். வால் கூம்பு வடிவம், கட்டு நழுவும். நழுவுகிறதே என்று இறுக்கினால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய சுவருள்ள சிரைகள் முதலில் நசுங்கும்; உள்ளே வரும் ரத்தம் திரும்பிப் போக வழியின்றி நுனி வீங்கும்; வீக்கம் கட்டை இன்னும் இறுக்கும். கடைசியில் நுனி குளிர்ந்து, கறுத்து, செத்துப்போகும். அதனால் இறுக்குவதற்குப் பதிலாகப் பிடிமானம் தேட வேண்டும். பிளாஸ்திரி நாடாக்களைக் காயத்துக்கு வெகு மேலிருந்து நீளவாக்கில் முடியோடு ஒட்டி, மேலே சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது முடியை மடித்து நாடாவுக்குள் விடுங்கள். அதற்கு மேல் ஸ்பாஞ்சுக் குழாய் போன்ற, காற்றுத் துளையுள்ள உறை. அது லேசாக இருப்பது அவசியம். நுனியில் கனம் கூடினால் சாட்டையின் அடியும் கூடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, நனைந்தால் உடனே, கட்டை மாற்ற வேண்டும். நாற்றம் வந்தால் காத்திருக்காதீர்கள். நாய் காயத்தைக் கடிப்பதைத் தடுக்க, தலையைச் சுற்றி நிற்கும் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை போடலாம். நாய் துள்ளும் நேரத்தில் அதை அகலமான இடத்துக்கு அழைத்துப் போவதும் சிகிச்சைதான்.

வால் கதவில் சிக்கியோ பலமாக இழுபட்டோ தொங்கினால் கதை வேறு. வாலுக்குப் போகும் நரம்புகளுக்கு அருகிலேயே சிறுநீர்ப்பைக்கும் ஆசனவாய்க்கும் போகும் நரம்புகள் கிளம்புகின்றன. இழுப்பு அவற்றையும் சேதப்படுத்தலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வாரக்கணக்கில் காயம் திரும்பத் திரும்பத் திறந்தாலோ எலும்பில் கிருமி ஏறினாலோ வாலின் ஒரு பகுதியை நீக்க நேரிடும். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வெட்டி, மிச்சம் வைத்த தோலால் மூடித் தைப்பார்கள். நுனியை மட்டும் கொஞ்சமாக எடுத்தால் மீதி வால் அதே சுவரில் போய் மோதும். அதனால் ஆரோக்கியமான திசு வரை உயரத்தில் வெட்டுவது வழக்கம். குட்டையான வாலும் அதே உற்சாகத்தோடு ஆடும். தையல் பிரிக்கும்வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், அதற்கும் அதே உறையும் கூம்பும் வேண்டும்.