எலும்புக்கு டிரிப்ஸ் ஏற்றினால் காய்ச்சல் ஏன் வருகிறது?

"ராத்திரியே காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. அந்த மருந்து நமக்கு ஒத்துக்கல." எலும்பு மெலிவுக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு பாம்பன், மண்டபம் பக்கம் ஊர் திரும்பும் அம்மாக்கள் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வருடம் போகாமல் இருந்துவிட்டால், இழப்பு பெரிது. பெரும்பாலும் அது ஒவ்வாமையே இல்லை.

சோலெட்ரோனிக் ஆசிட் என்ற இந்த மருந்தை வருடத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் ஏற்றுவார்கள். அது எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எலும்பை அரிக்கும் செல்கள் அதையும் சேர்த்து விழுங்கும். உள்ளே போன மருந்து ஒரு நொதியை முடக்க, செல் செயலிழந்துவிடும். வழியில்தான் சிக்கல். இரத்தத்திலுள்ள மோனோசைட் என்ற வெள்ளையணுக்களும் கொஞ்சம் மருந்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கேயும் அதே நொதி முடங்க, அது செலவழிக்க வேண்டிய மூலப்பொருள் தேங்குகிறது. பல கிருமிகள் உண்டாக்கும் பொருளும் கிட்டத்தட்ட இதே சாயலில் இருக்கும். அதனால் காமா டெல்டா டி செல்கள் என்னும் காவல் அணுக்கள், தொற்று வந்துவிட்டதென்று கிளர்ந்தெழுந்து இன்டர்ஃபெரான் போன்ற, காய்ச்சலைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. காய்ச்சலும் மூட்டுவலியும் அதனால்தான்.

2007இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் முறை ஏற்றியபோது இப்படி அவதிப்பட்டவர்கள் 100க்கு சுமார் 32 பேர். இரண்டாம் முறை 7 பேர்கூட இல்லை. மூன்றாம் முறை 3 பேருக்கும் குறைவு. கஷ்டம் அநேகமாக முதல் வருடத்தோடு சரி.

அதையும் குறைக்கலாம். டாக்டரிடம் கேட்டு, டிரிப்ஸ் அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். எலும்பில் ஒட்டாத மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் தண்ணீர் மிக முக்கியம். இந்தப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் வெயிலிலும் உப்புநீரிலும் மணிக்கணக்காக இருப்பார்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. முந்தின நாளிலிருந்தே நன்றாகக் குடித்து, ஓரிரு நாள் கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வேண்டாம், அது சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. "பஸ்ஸைப் பிடிக்கணும், சீக்கிரம் ஏத்தி விடுங்க" என்றும் அவசரப்படுத்தாதீர்கள். குறைந்தது 15 நிமிடம் ஆக வேண்டும். நிதானமாக ஏற்றுவது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு.

முன்கூட்டியே இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து கூடாது. கொளுத்தும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்கலாம். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக உடம்பை மூடிக்கொண்டுதானே கடலில் இறங்குகிறார்கள்! குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் டிரிப்ஸுக்குப் பின் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். பல் பிடுங்க வேண்டியிருந்தால், தாடை எலும்பு பாதிக்காமலிருக்க, அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டாலோ, வாயைச் சுற்றி மரத்துப்போய் விரல்கள் இழுத்துக்கொண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.