பச்சை நிறத்துக்காகக் குறியாக்கத்தை நிறுத்தாதீர்கள்

ஓகஸ்ட் மாதம், நிலாவெளிப் பக்கம் அறை கிடைக்காத நேரம். ஒரு சனிக்கிழமை காலை அங்குள்ள ஹொட்டேல் ஒன்றில் முன்பதிவு மென்பொருள் நின்றுவிட்டது. திருகோணமலை டவுனிலிருந்து போய்ப் பார்த்தால் சேர்வரின் டிஸ்க்கில் துளி இடமில்லை. இதைக் கவனிக்கத்தானே நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருக்கிறோம் என்று அதன் திரையைத் திறந்தேன். அந்த சேர்வருக்கு நேரே பதினொரு நாளாகச் சிவப்பு. எஸ்.எஸ்.எல். ஹேண்ட்ஷேக்கை, அதாவது இரண்டு கணினிகள் மறைவாகப் பேசத் தொடங்குமுன் செய்யும் அறிமுகத்தை, முடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது.

"அது சும்மா வாற எரர் அண்ணா. நாகியோஸ் சேர்வரை மாத்தின நாளில இருந்து வருது. மெயில் தொல்லை எண்டு நிப்பாட்டி வைச்சிட்டன்" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் செய்தியைப் பார்த்து டிஸ்க் நிரம்புகிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஹேண்ட்ஷேக் முடியாவிட்டால் நாகியோஸுக்கு அந்த சேர்வரில் எதுவுமே தெரியாது. பதினொரு நாள் நாம் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மற்ற சேர்வர்களிடம் நிலைமையைக் கேட்க நாகியோஸ் என்.ஆர்.பி.ஈ. என்ற சிறிய மென்பொருளைப் பயன்படுத்துகிறது. கேட்கும் பக்கம் ஒரு துண்டு, பதில் சொல்லும் பக்கம் ஒரு துண்டு. இரண்டும் வழக்கமாக 5666ஆம் போர்ட்டில் பேசும். இங்கே கேட்கும் பக்கம் புதிய 4ஆம் பதிப்பு, பதில் சொல்லும் பக்கம் பழைய 2.15.

முதலில் பழைய சேர்வரின் லொக்கை, அதாவது நடந்தவற்றைக் குறித்து வைக்கும் கோப்பைப் பாருங்கள். இந்த ஒரு எரருக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கும். அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் நாகியோஸின் ஐ.பி. முகவரி இல்லையென்றால் பழைய என்.ஆர்.பி.ஈ. பேச்சைத் தொடங்காமலே கதவைச் சாத்திவிடும். கேட்ட பக்கத்தில் அதுவும் ஹேண்ட்ஷேக் எரராகத்தான் தெரியும். இந்த முகவரிக்கு எங்களோடு பேச அனுமதி இல்லை என்று லொக்கில் இருந்தால், அந்தப் பட்டியலைத் திருத்தி சேவையை மறுபடி தொடங்கினால் போதும். எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. அதே சேர்வருக்குள் இருந்து, அதே பழைய பதிப்பால் கேட்டால் உடனே பதில் வந்தது. அப்போ பதிப்புப் பொருத்தம்தான் சிக்கல்.

2ஆம் பதிப்பு குறியாக்கத்துக்கு, அதாவது பேச்சை மறைத்து அனுப்ப, 512 பிட் டிஃபி-ஹெல்மன் எண்ணையே நம்பியிருந்தது. இரு பக்கமும் பொதுவான ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கும் முறைதான் டிஃபி-ஹெல்மன். அந்த அளவை உடைக்க முடியும் என்று 2015இல் லொக்ஜாம் ஆய்வு காட்டியது. அதன் பிறகு வந்த, குறியாக்க வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பதிப்புகள் இவ்வளவு சிறிய எண்ணை ஏற்பதில்லை. புதிய பக்கம் மறுப்பது கோளாறே இல்லை, சரியான வேலை. அதோடு பழைய முறையில் சான்றிதழும் கிடையாது. பேச்சு மறைக்கப்படும், ஆனால் எதிரே இருப்பது யார் என்று யாரும் பார்ப்பதில்லை.

தேடினால் இரண்டு குறுக்குவழிகள் கிடைக்கும். ஒன்று, கட்டளையில் '-2' என்ற தெரிவைச் சேர்ப்பது. அது அனுப்பும் பொதியின் வடிவத்தைத்தான் மாற்றும். ஹேண்ட்ஷேக் அதற்கு முன்னரே நின்றுவிட்டதால் பயனில்லை. மற்றது, இரு பக்கமும் '-n' என்ற தெரிவைப் போட்டுக் குறியாக்கத்தையே நிறுத்துவது. உடனே பச்சையாகிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விருந்தினர் வைஃபையும் அலுவலக வலையமைப்பும் ஒரே சுவிட்ச்சில் ஓடும் இடங்களை இந்தக் கரையோரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியான இடத்தில் சேர்வரின் கேள்வியும் பதிலும் வெறும் எழுத்தாகப் போகும். கட்டளையோடு மாறிகளை அனுப்பவும் அனுமதித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அந்த அமைப்புக்கு 'டோன்ட் பிளேம் என்.ஆர்.பி.ஈ.' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழி எங்கள் மேல் வேண்டாம் என்று எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள்.

பழைய பக்கத்தை உயர்த்துவதுதான் வழி. பழைய அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு முன்பதிவு சேர்வரில் 4ஆம் பதிப்பைப் போட்டேன். அப்புறம் இரு பக்கமும் சான்றிதழ் வைத்து, சான்றிதழ் இல்லாமல் கேட்டால் பதில் சொல்லாதே என்று அமைத்தேன். முதல் பதில் வந்தபோது சிவப்பு போய் மஞ்சள் வந்தது: டிஸ்க்கில் 12 வீதம்தான் மிச்சம். காலையில் அவசரத்துக்கு அழித்த இடம் அவ்வளவுதான். அந்த மஞ்சளைத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிறுத்திய மெயிலை அவரே மறுபடி இயக்கினார்.

கணக்குப் பிரிவின் சேர்வரில் இயங்குதளமே பழையது, அதில் கைவைக்க முடியவில்லை. அதற்கு மட்டும் என்.ஆர்.பி.ஈ.யை மூடிவிட்டு எஸ்.எஸ்.எச். என்ற வேறொரு குறியாக்கத் தொடர்பு வழியாகக் கேட்க வைத்திருக்கிறேன். நவம்பர் மழையில் விருந்தினர் குறைந்ததும் அதை மாற்ற ஒரு நாள் கேட்டிருக்கிறேன்.