டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள். இந்த அளவில் அடங்கும் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அளவு தாண்டினால் 40. முன்பும் சின்ன வண்டிக்கு வரி குறைவுதான். இன்ஜினைப் பெரிதாக்க வழியில்லை, வாங்குகிறவருக்கோ இழுவை வேண்டும். ஹூண்டாய் வெண்யூ, மாருதி ஃப்ரான்க்ஸ், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் போன்ற வண்டிகளில் மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜினோடு டர்போ சேர்ந்து வருவது இதனால்தான். வெண்யூவில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் தருவது 83 குதிரைசக்தி. அதைவிடச் சிறிய 998 சிசி டர்போ இன்ஜின் 120 தருகிறது.

இந்தக் கூடுதல் சக்தி வெளியே போகும் புகையிலிருந்து கிடைக்கிறது. புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தொடும். புகைப் பக்கத்தில் வெப்பம் 900 டிகிரிக்கு மேல் போகும். பெரும்பாலான சின்ன டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. ஆயில்தான் அதற்கு மெத்தை, சூடு தணிப்பதும் அதுதான். டர்போ தானாகக் கெடுவது அபூர்வம். ஆயில் கெட்டோ, நேரத்துக்கு வந்து சேராமலோ அதைக் கெடுக்கிறது.

ஆனால் 'பிக்கப் இல்லை' என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு டர்போவே காரணம் அல்ல. செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0299 என்று வந்தால், எதிர்பார்த்த காற்றழுத்தம் இல்லை என்பதே பொருள். டர்போவை மாற்று என்று அது சொல்லவில்லை. முதலில், அழுத்திய காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலருக்குப் போய் வரும் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். கிளாம்ப் தளர்ந்தாலும், ஹோஸின் அடிப்பக்கத்தில் விரிசல் விட்டாலும், அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும், இணைப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் அதன் அடையாளம். சந்தேகம் இருந்தால் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஹோஸ் மாற்ற ஏறத்தாழ 1,500 முதல் 5,000 ரூபாய் ஆகும். (இங்கே சொல்லும் செலவெல்லாம் தோராயம், வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் மாறும்.)

ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்தது வேஸ்ட்கேட். அழுத்தம் மிஞ்சாமல் புகையைப் பக்கவழியில் திருப்பிவிடும் சின்னக் கதவு அது. அதன் தண்டு சூட்டில் துருவேறி இறுகினால் கதவு திறந்தபடியே நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை விடும்போது தகரம் அதிர்வதுபோல் சத்தம் கேட்டால் கதவின் தண்டு சுழலும் வளையமான புஷ் தேய்ந்திருக்கலாம்.

நீலப் புகையும் ஆயில் குறைவதும் வேறு கதை. அங்கேயும் அவசரப்படக் கூடாது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து ஆயில் கீழே வடியாமல் சீல் வழியே கசியும். பழுது சில ஆயிரம் ரூபாய் வால்வில், பழி முக்கால் லட்சம் ரூபாய் டர்போ மேல்! காற்று உள்ளே வரும் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் இறகு கூட்டில் உரசிய கோடு தெரிந்தாலோதான் டர்போ போய்விட்டது.

புது டர்போ 40,000 முதல் ஒரு லட்சம் வரை. நடுப்பகுதியை மட்டும் மாற்றித் தருபவர்கள் 15,000 முதல் 30,000 வரை கேட்பார்கள். எந்த வழியானாலும், பழையது ஏன் போனது என்று பார்க்காமல் மாட்டினால் புதியதும் சீக்கிரமே போகும். மலையேறி வந்த சூட்டோடு உடனே ஆஃப் செய்து பழகிய வண்டியில், நின்றுபோன ஆயில் பேரிங்குக்குள்ளும் ஆயில் வரும் மெல்லிய குழாயிலும் கருகிக் கரியாகப் படியும். ஆஃப் செய்தபின்னும் கூலன்டைச் சுற்றவிடும் மின்பம்பு இருந்தால் அது இந்தச் சேதத்தைக் குறைக்கும்; ஆனாலும் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவது வீண்போகாது. ஆகவே டர்போ மாற்றும்போது அந்தக் குழாயையும் வாஷர்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் வலையைக் கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் பேரிங்கில் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்ற வேண்டும். காய்ந்த தண்டில் முதல் சில நொடிகளிலேயே கீறல் விழுந்துவிடும்.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் அந்த வலை இன்னும் முக்கியம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்து ஓடும் அமைப்பு அது. தவறான ஆயில் ஊற்றினாலும், ஆயில் மாற்றத் தாமதித்தாலும் ரப்பர் உதிர்ந்து வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும். பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜின் போய்விடலாம்.

ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். 2020இல் வந்த இந்தத் தரம் சின்ன டர்போ இன்ஜின்களை மனதில் வைத்தது. டாப் கியரில் 1,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், சிலிண்டர் ஓரத்திலிருந்து தெறிக்கும் ஆயில்-பெட்ரோல் துளி ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளக்கூடும். ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பை உடைக்கும் பலம் அந்த வெடிப்புக்கு உண்டு. ஆயிலில் கால்சியம் கலவை அதிகமானால் இந்த ஆபத்தும் அதிகம். புதுத் தர ஆயிலில் அதில் ஒரு பகுதிக்குப் பதில் மக்னீசியம் சேர்க்கிறார்கள். கியரைக் குறைத்து ஓட்டுவது இதைவிட மலிவான மருந்து. முழு சிந்தெடிக் ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து 3,500 முதல் 6,000 வரை. தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். கையேடு 10,000 கிலோமீட்டர் என்றாலும் 5,000–7,000இல் மாற்றிவிடுவது நல்லது. ஆயில் பார்க்கும் ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சியடைய வேண்டாம், அது பெட்ரோல்.

வெண்யூ, ஃப்ரான்க்ஸ், ஃபோக்ஸ்வேகன் டைகுன் டர்போக்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை. நாளடைவில் கரி படியும். காலையில் ஐடில் தடுமாறுவது ஓர் அறிகுறி. கரிமேல் பழி போடும் முன் ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் இரண்டையும் பார்த்துவிடுங்கள். காயில் ஒன்று 2,000–4,000தான்.

வெண்யூ டர்போவில் டிசிடி எனப்படும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் இன்னொரு செலவு காத்திருக்கிறது. அதன் இரண்டு கிளட்சுகளும் உலர்ந்தவை. வெறும் காற்றுதான் அவற்றின் சூட்டைத் தணிக்கிறது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும், கடைசியில் சூடு எச்சரிக்கை திரையில் வரும். கிளட்ச் தொகுதி மாற்ற அரை லட்சத்துக்கு மேல் ஆகலாம். முன்வண்டி ஒரு காரளவு நகர்ந்தபின் பிரேக்கை விடுங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள்.