உங்கள் பழைய லேப்டாப் அம்மாவுக்கு வேண்டாம்

போன சனிக்கிழமை 72 வயது அம்மா ஒருவர் மஞ்சப்பையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "தப்பா எதையோ அமுக்கிட்டேன் தம்பி. பையன்கிட்ட சொல்லிடாதீங்க."

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பையன் 2013இல் வாங்கிய லேப்டாப் அது. "சும்மாதானே கிடக்கு" என்று அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க், காலாவதியான ஆன்டிவைரஸ் இரண்டு, டெஸ்க்டாப் முழுக்கப் பையனின் ஆபீஸ் ஃபைல்கள். ஆன் செய்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு வெப்சைட் திறக்க 6 நிமிஷம் ஆனது. இந்த மாதம் இப்படி வந்ததில் இது நாலாவது.

"வயசானவங்களுக்கு என்ன பெரிய வேலை? பேப்பர் படிப்பாங்க, பேரனோட வீடியோ கால் பேசுவாங்க. அதுக்குப் பழசே போதும்." பதினெட்டு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டிலேயே வேகமான மிஷின் வேண்டியது அவர்களுக்குத்தான். உங்களிடம் மெதுவான மிஷினைக் கொடுத்தால் சமாளித்துவிடுவீர்கள். எது ஹேங் ஆகிறது, எது லோடு ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கிளிக் செய்து ஒன்றும் நடக்காவிட்டால், தான் சரியாக அமுக்கவில்லை என்றுதான் நினைப்பார். மறுபடி அமுக்குவார். அப்புறம் மறுபடியும். திடீரென்று ஐந்து விண்டோ ஒன்றாகத் திறக்கும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தி அணைப்பார். அடுத்த முறை ஆன் செய்யும்போது இன்னும் மெதுவாக வரும். நாலு நாள் இப்படி நடந்தால் "இதெல்லாம் எனக்கு வராதுப்பா" என்று துணி போட்டு மூடிவிடுவார். மணியார்டர் கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடித்துக் கொடுத்த மனுஷி, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று என் எதிரில் கண் கலங்குகிறார். கோளாறு இருந்தது ஹார்டு டிஸ்க்கில்.

இன்னொன்று. வீடியோ கால் லேசான வேலை இல்லை. கேமரா படத்தைச் சுருக்கி அனுப்பிக்கொண்டே, வருகிற படத்தை விரித்துக் காட்ட வேண்டும். டைப் அடிப்பதைவிடப் பல மடங்கு பாரம். பழைய மிஷினில் பேரன் முகம் உறைந்து நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசஸருக்கு முந்தைய மிஷின்களில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் நல்லது, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கி, சுத்தமாக ஃபார்மேட் செய்து கொடுங்கள். தாராளமாக உழைக்கும்.

புதிதாக வாங்குவதானால் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போதும். ஐ7 மாதிரி விலை கூடின பிராசஸர் எல்லாம் வேண்டாம். மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் மினி பிசியைத்தான் நான் சொல்வேன். மேசை மேல் திரை, கீபோர்டு, மவுஸ் மட்டும்தான் தெரியும். திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் ஆல்-இன்-ஒன்னும் பார்க்க அழகுதான், ஆனால் திரை போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மினி பிசியில் கேமராவும் ஸ்பீக்கரும் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம், மறந்துவிடாதீர்கள். சின்ன யு.பி.எஸ். ஒன்று கட்டாயம். "டேப் வாங்கிக் கொடுத்துடறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருந்தால் டச் சரியாக எடுக்காமல் போகலாம். கை நடுக்கம் இருந்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதியலாம். வாங்குமுன் கடையில் அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மானிட்டரைத் தாழ்வாக வையுங்கள். பைஃபோகல் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பவர்கள். திரை உயரமாக இருந்தால் தலையை அண்ணாந்து வைத்து, சாயங்காலம் கழுத்து வலி என்பார்கள்.

வாங்கிக் கொடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. எழுத்தையும் ஐகானையும் 125 அல்லது 150 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். மவுஸ் அம்புக்குறியையும்தான். டெஸ்க்டாப்பில் அவருக்கு வேண்டிய நாலைந்து ஐகான் போதும். டபுள் கிளிக் வராவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷனில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றலாம். எதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும், அவருக்குச் சாதாரணக் கணக்கு. பிரவுசரில் நோட்டிஃபிகேஷன்களை மொத்தமாகத் தடுத்துவிடுங்கள். அந்த அம்மாவின் திரையில் நாள் முழுக்க வந்த "13 வைரஸ்" எச்சரிக்கை, ஏதோ ஒரு செய்தித் தளத்துக்கு "அனுமதி" கொடுத்ததால் வந்ததுதான். நிஜ வைரஸ் ஒன்றுகூட இல்லை.

அந்த எச்சரிக்கையில் ஒரு போன் நம்பரும் இருந்தது. நல்லவேளை, அவர் அதில் பேசவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. வந்தால் அது மோசடி. கூப்பிட்டால் "சரி பண்ணித் தரோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று திரையைத் தங்கள் கைக்குள் கொண்டுபோவார்கள், அடுத்தது பேங்க் கணக்கு. திரை நிறைய சிவப்பாக வந்து பீப் அடித்தாலும் பதற வேண்டாம், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். அணைப்பதால் சேமித்து வைத்தது எதுவும் பொதுவாகப் போய்விடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பயத்தில்தான் பலர் போனை எடுக்கிறார்கள். எது நடந்தாலும் திட்ட மாட்டேன் என்ற வாக்கையும் கொடுங்கள். பையனுக்குப் பயந்து மறைத்த இரண்டு நாளில் பணம் கைமாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி வைப்பது தப்பில்லை. பீரோவுக்குள் இருக்கும் நோட்டை இன்டர்நெட்டில் யாரும் திருட முடியாது. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, பணம் போய்விட்டால் உடனே கூப்பிட, சைபர் குற்ற உதவி எண் 1930.