குட்டி போட்டு பால் குடுக்கற ஈ

ஆப்பிரிக்காவுல சஹாராவுக்கு தெற்கே இருக்கற காடுகள்ல புஷ்பக்னு ஒரு மான் இருக்கு, கூட்டம் சேராது, அடர்ந்த புதருக்குள்ள தனியாவே திரியும். அதே புதர் நிழல்ல உக்காந்திருக்கற செட்சி ஈ அந்த மாதிரி மிருகங்களோட ரத்தத்த குடிச்சுதான் வாழுது. ஆனா பிள்ளை பெத்துக்கற விதத்துல பாத்தா இந்த ஈ மத்த ஈக்கள விட அந்த மானுக்குத்தான் ரொம்ப கிட்ட வருது, நெசமாவே.

வீட்டு ஈ ஒரே தடவைல நூறு முட்டைக்கு மேல போட்டுட்டு திரும்பிக்கூட பாக்காம போயிடும். செட்சி ஈக்கு ஒரு நேரத்துல ஒரே ஒரு முட்டைதான், அதுவும் வெளிய வராது, கர்ப்பப்பைக்குள்ளயே பொரிஞ்சு புழுவாகி அங்கயே வளரும். அதுக்கு சாப்பாடு? அம்மா உடம்புல பால் சுரப்பி இருக்கு, கொழுப்பும் புரதமும் கலந்த பால் அதுலருந்து நேரா புழு வாய்க்கு போகுது. ரத்தத்துல பி வைட்டமின் கம்மி, அத தயாரிச்சு குடுக்கற விக்கிள்ஸ்வொர்தியாங்கற பாக்டீரியாவும் இந்த பால் வழியாத்தான் பிள்ளைக்கு போய் சேருது.

ஒம்பது பத்து நாள்ல புழு வெளிய வரும். வெள்ளையா, வால் பக்கம் மூச்சு விடறதுக்கு ரெண்டு கருப்பு குமிழோட, கிட்டத்தட்ட அம்மாவோட எடையே இருக்கும்! வந்த உடனே மண்ண தோண்டி உள்ள போய் கூட்டுப்புழு ஆயிடும், ஏறக்குறைய ஒரு மாசம் கழிச்சு ஈயா வெளிய வர்ற வரைக்கும் ஒண்ணுமே சாப்பிடாது, வயித்துல குடிச்ச பால்தான் எல்லாத்துக்கும்.

புஷ்பக்கோ சுமார் ஆறு மாசம் சுமந்து ஒரு குட்டி போடும், பால் குடுக்கறது அதுக்கப்புறம்தான் ஆரம்பம். குட்டிய புதர்ல ஒளிச்சு வெச்சு அப்பப்ப வந்து குடுக்கும், வாசம் புடிச்சு சிறுத்தை வந்துடக்கூடாதுன்னு குட்டியோட சாணத்தையும் தானே தின்னுடும்.

மனுஷனுக்கு தூக்க நோய் வரவைக்கற டிரிபனோசோமா ரொடீசியன்ஸ் கிருமி இந்த மான் உடம்புல இருக்குங்கறத 1958-லயே பிரிச்சு எடுத்து காட்டிட்டாங்க. மான் பெரும்பாலும் அத தாங்கிக்கும், ஈ அங்கருந்து எடுத்து மனுஷங்களுக்கோ மாட்டுக்கோ குடுத்துடும், மாட்டுக்கு வர்றத நகானான்னு சொல்றாங்க.

இவ்ளோ நிதானமா பிள்ளை பெத்துக்கறதே இந்த ஈய ஒழிக்கவும் வழி விட்டுது. ஒரு பெண் ஈ வாழ்நாள் முழுக்க பெத்தாலும் பத்து பிள்ளை தேறினாலே பெரிய விஷயம், பொதுவா ஒரு தடவைதான் இணை சேரும். அதனால தான்சானியாவோட சான்சிபார்ல உங்குஜா தீவுல கதிர்வீச்சு குடுத்து மலடாக்கின ஆண் ஈக்கள தொடர்ந்து வானத்துலருந்து விட்டாங்க, அதுங்களோட சேர்ந்த பெண்ணுக்கு பிள்ளையே இல்ல, 1990-கள் முடியறதுக்குள்ள அந்த தீவுல செட்சி ஈ இல்லாமயே போச்சு.