ஸ்டார்ட் ஆனதைப் பார்த்து ஜெனரேட்டர் வாங்காதீர்கள்

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இந்த டிசம்பரில் வந்த மூன்றாவது போன் இது. காலை ஆறேகாலுக்கு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"தம்பி, செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் மட்டும் எடுக்கவே மாட்டேங்குது. வெள்ளை வெள்ளையா புகைதான் வருது. நேத்து பறிச்ச பழம் அப்படியே கிடக்குது."

முந்தின நாள் சாயங்காலம் சில்வர் ஓக் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்து கரண்ட் போயிருக்கிறது. மலையில் இது புதுசில்லை. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் விட்டுத் தோலெடுத்துவிட வேண்டும். குவியலாகக் கிடந்தால் ராத்திரியோடு புளிக்க ஆரம்பித்துவிடும், அந்த வாடை கடைசியில் டம்ளர் வரைக்கும் வரும். இந்த அவசரத்துக்காகத்தான் அவர் மே மாதம் சேலத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஜெனரேட்டர் வாங்கி மேலே ஏற்றியிருக்கிறார். 15 கேவிஏ, மூன்று சிலிண்டர்.

"வாங்கும்போது யாரையாவது கூட்டிட்டுப் போனீங்களா சார்?"

"எதுக்கு தம்பி? என் கண்ணு முன்னாடிதான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. ஒரே செல்ஃபு."

கோரிமேட்டில் பட்டறை வைத்து டீசல் வேலை பார்க்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. இந்த 'ஒரே செல்ஃபு' என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாத்தியார் மேல் இல்லை. காட்டியவர்கள் மேலும் முழுக் கோபம் இல்லை, அவர்கள் விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் எஞ்சின் நல்ல எஞ்சின் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதன் மேல்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அதற்கப்புறம் மலையில் ஆளாளுக்கு ஜெனரேட்டர் ஆசை. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பழசு தேடி கீழே வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் இதே ஒரு பரீட்சையை வைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பரீட்சையில் என்ன தெரிந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். மே மாதம், சேலம், மத்தியானம் மூன்று மணி, தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள் இரும்பைத் தொட்டால் கை சுடும். நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் அதை ஒரு தடவை ஓட்டி நிறுத்தியும் வைத்திருப்பார்கள். ஆயில் தண்ணீர் மாதிரி இளகியிருக்கும், பிஸ்டன் விரிந்து, அது ஓடுகிற உள் உறையான லைனரோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கும், பேட்டரி அன்று காலைதான் சார்ஜ் ஏற்றியது. அந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது எஞ்சினே இல்லை, பழைய இரும்பு. ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் நடந்து வந்துவிட்டார் என்பதற்காக, அவர் தலையில் காப்பி மூட்டையை வைத்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறச் சொல்வீர்களா?

இப்போது அதே எஞ்சின், டிசம்பர், ஏற்காடு, காலை ஆறு மணி. பனி. 13, 14 டிகிரி. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது, அமுக்குகிற காற்றின் சூடுதான் நெருப்பு. உள்ளே போகிற காற்றே குறைவு, அதுவும் சில்லென்று போகிறது, அதிலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற தேய்ந்த ரிங் வழியாகப் பாதி கசிகிறது. ஆயில் கெட்டியாக இருப்பதால் செல்ஃபும் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் கசிய இன்னும் நேரம் கிடைக்கிறது. பிறகு எங்கே பற்றும்? வாத்தியார் பார்த்த வெள்ளைப் புகை எரியாமல் வந்த டீசல். கண் எரிந்திருக்கும். நம் ஊர்ச் சின்ன ஜெனரேட்டர் எஞ்சின்கள் பலவற்றில் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கும் கிடையாது, கைகொடுக்க.

நல்ல எஞ்சின் இதையெல்லாம் சமாளிக்கும். தேய்ந்த எஞ்சின் சேலத்து வெயிலில் மட்டும் நல்ல எஞ்சின் வேஷம் போடும். ஆகவே மே மாதத்து 'ஒரே செல்ஃபு' உங்களுக்குச் சொன்னது பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதை மட்டும். பேட்டரி வாங்கவா போனீர்கள்?

சரி, எப்படித்தான் பார்ப்பது?

விடிகாலையில் போங்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நான் வருகிறவரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று. போனதும் பேச்சுக்கு முன்னால் கையை வையுங்கள். எஞ்சின் பிளாக்கில், ஹெட்டில், சைலன்சரில். துளி வெதுவெதுப்பு இருந்தாலும் அன்றைக்கு வேலை முடிந்தது. சண்டை போடாதீர்கள், டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். காலையில் சூடாக இருக்கிற எஞ்சினுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை அவர் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

சில்லென்று இருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவு பார்க்கிற கேஜ் கம்பியை உருவி ஆயிலைப் பாருங்கள். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். டீசல் வாடை அடித்தால் அதுவும் நல்லதில்லை. புத்தம் புது ஆயிலாக, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாகத் தொங்கினால் சந்தேகப்படுங்கள். சத்தத்தை அமுக்க, ஆயில் பிரஷரை ஏற்றிக் காட்ட, கியர் ஆயில் கலக்கிற பழக்கம் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள்தான் இதையும் சொல்லிக் கொடுத்தது, என்ன செய்ய.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மேல் எண்ணெய் மினுக்குகிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். பிரஷரைப் பிடிக்காத மூடி கீழே ஒரு மாதிரி ஓட்டிவிடும், மேலே கொதித்து வழியும். டீசல் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் டீசல் பம்பும், டீசலைத் தெளிக்கிற நாசிலும் என்ன பாடுபட்டிருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹெட் நட்டுகளில் மட்டும் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் பளபளத்தால், அது எப்போது, எதற்காகக் கழற்றப்பட்டது என்று கேளுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட். சில்லென்று இருக்கிற எஞ்சினில் முதல் அரை நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் வந்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, ஓட்டை மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி அடித்து மூடி எகிறினால், அதைத்தான் நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். ரிங், லைனர் போய்விட்டது. விலையைக் குறைக்கிறேன் என்பார். எவ்வளவு குறைத்தாலும் எஞ்சின் வேலைக் கூலியும் சாமானும் அதைவிட அதிகமாகத்தான் வரும்.

இவ்வளவும் பாதிதான். லோடு கொடுக்காமல் பார்த்தது பார்த்ததில் சேர்த்தி இல்லை. 15 கேவிஏ என்றால் 12 கிலோவாட். கடையில் ஒரு 100 வாட் பல்பை எரியவிட்டு "பாருங்க சார், எப்படி எரியுது" என்பார்கள். நூறு கிலோ தூக்குகிறவர் என்று சொல்லி ஒரு கிலோ கூடத் தூக்காமல் நிற்பது மாதிரி. நாலைந்து வாட்டர் ஹீட்டர் வாடகைக்கு எடுத்துப் போங்கள், மூன்று ஃபேசிலும் பிரித்து மாட்டுங்கள். பாதிக்கு மேல், முடிந்தால் முக்கால் லோடில், முழுசாக ஒரு மணி நேரம் ஓடட்டும். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் போனைப் பார்க்காமல் எஞ்சினைப் பாருங்கள். கரும்புகை கக்குகிறதா, சூட்டு முள் ஏறிக்கொண்டே போகிறதா, சூடான பிறகு ஆயில் பிரஷர் இறங்குகிறதா. சேலத்தில் முழு லோடைத் திணறித் தூக்குகிற எஞ்சின் மேலே போனால் தூக்காது. காற்று குறைவதால், காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே சக்தி பத்து, பதினைந்து சதவீதம் குறையும், புதுசாக இருந்தாலும். பல்ப்பர் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதையும் கணக்கில் வைத்துக் கொஞ்சம் பெரிய செட்டாகப் பாருங்கள். மேலே போன பிறகு பம்ப் ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டி விடுகிறேன் என்று யாராவது சொன்னால் கையைத் தட்டிவிடுங்கள். குறைவது காற்று, டீசல் இல்லை. கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர், வோல்டேஜைச் சீராக வைக்கிற ஏவிஆர் விஷயத்துக்கு நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள், அது என் பாடு இல்லை.

ஹவர் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. "600 மணி நேரம்தாங்க ஓடியிருக்கு, பேங்க்ல இருந்தது" என்பதும் ஒரு மயக்கு மந்திரம். மீட்டரை மாற்றுவது ஒரு ஸ்குரு டிரைவர் வேலை. நிஜமாகவே 600 என்றாலும், அவ்வப்போது கொஞ்ச நேரம், லோடே இல்லாமல் ஓட்டி நிறுத்தியதாக இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. சூடே ஏறாமல் ஓடிய எஞ்சினில் லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும், ரிங் பிடிக்காது, நாசிலில் கரி அப்பும். ஒழுங்காக ஆயில் மாற்றி, லோடில் 5,000 மணி நேரம் ஓடிய எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன், புதுச்சேரியில் வேலை, நண்பனோடு சேர்ந்து ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகு வாங்கப் போவதாக வந்து நின்றான். "உள்ள டீசல் எஞ்சின் இருக்குண்ணா, 15 வருசத்துல 400 மணி நேரம்தான் ஓடியிருக்கு." கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொன்னதைக் கேட்டதும் பேங்க் ஜெனரேட்டர்தான் ஞாபகம் வந்தது. துறைமுகத்திலிருந்து வெளியே வர பத்து நிமிடம், பாய் விரித்தாயிற்று, எஞ்சின் ஆஃப். திரும்ப வரும்போது பத்து நிமிடம். அது எப்போது சூடாகியிருக்கும்? கூடவே அங்கே உப்புத் தண்ணீரும் ஒரு எதிரி. புகை வெளியேறுகிற குழாயில்தான் கடல் தண்ணீரையும் கலந்து விடுவார்கள். அந்த முழங்கைக் குழாய் கரியால் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் துருப்பிடித்து ஓட்டையாகும், தண்ணீர் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே வரும். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்து போட்டோ அனுப்பச் சொன்னேன். சுண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. கரையில் கட்டிப்போட்டு கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. படகு வாங்குகிற பேச்சு அதோடு நின்றது.

வாத்தியார் கதைக்கு வருகிறேன். நான் மேலே போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு பையன் டீசலில் துணியை நனைத்துப் பற்றவைத்து ஏர் ஃபில்டர் வாயில் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே திறந்த டீசல் கேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் அப்படித்தான், ஹீட்டர் இருக்கிற எஞ்சினில் அடித்தால் வெடிக்கும், இல்லாததில் அடித்தால் ரிங் உடையும். ஒரு தடவை பழகிவிட்டால் அது இல்லாமல் கிளம்பவும் கிளம்பாது.

செட்டைக் கீழே இறக்கி பட்டறையில், சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுகிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். இந்த வகை எஞ்சினுக்கு 350 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்றில் 310, அடுத்ததில் 260, கடைசியில் 240. லைனர், பிஸ்டன், ரிங், நாசில் எல்லாம் மாற்றியாக வேண்டும். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவு சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழத்தில் பாதியைப் பக்கத்துத் தோட்டத்துப் பல்ப்பரில் விட்டுவிட்டார்கள். மீதியைத் தோலோடு களத்தில் கொட்டிக் காயவைத்திருக்கிறார், அந்தப் பனியில் அது எப்போது காய்ந்து என்ன விலைக்குப் போகும் என்று தெரியாது.

ஒரு மெக்கானிக்கை அரை நாள் கூட்டிப் போக என்ன கேட்டுவிடப் போகிறார்? பெட்ரோலும் கூலியும். என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்த யாராவது. விற்பவரே அனுப்பி வைக்கிற மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு செட் பார்க்க வாத்தியாரின் மச்சானோடு போகிறேன். காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் போனில் சொன்னேன்.

"காலைல பேட்டரி வீக்கா இருக்கும்ங்கண்ணா, நீங்க வர்றதுக்குள்ள சும்மா ஒரு தடவை ஓட்டி வெச்சிடறேன்" என்றார்.